குறுகிய வழியும் குறைந்த வழியும்

(சமுதாயக் கல்லூரிகளில் செவிலியர் கல்வி வளர்ந்த வரலாறு)

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சில ஆண்டுகளாகவே என் நெஞ்சில் முள்ளொன்று தைத்துக் கிடக்கின்றது. அதனை முதலில் எடுத்துக் காட்டிவிட்டு, பின்னர் வரலாற்றுக்குச் செல்கிறேன். பெரியோர்களும் இளைஞர்களும் பொறுத்தருள வேண்டும்.

என் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி. கூலி வேலை செய்து வந்த தாயின் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதும் செவிலியர் ஆக வேண்டும் என்று விரும்பினாள். பக்கத்து ஊரில் ‘நர்சிங் பயிற்சி’ என்று பலகை மாட்டியிருந்த ஓரிடத்தில் ஓராண்டுப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். தாய் தன் காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினாள். மதிப்பெண் பட்டியலின் படிகளில் பச்சை மையில் சான்றொப்பமிட்டு, வாழ்த்தி அனுப்பியவன் நான்தான். ஓராண்டு கழிந்தது. வண்ண எழுத்துகளில் அச்சிட்ட சான்றிதழ் ஒன்றும் கிடைத்தது. செவிலியராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதனை எடுத்துக்கொண்டு சென்றபோதுதான், அந்தப் படிப்பு பதிவுக்கு உரியதன்று என்பது தெரிய வந்தது. இன்று அவள் தனியார் மருத்துவமனை ஒன்றில் உதவியாளாக இருக்கின்றாள். கட்டுக் கட்டுகின்றாள், இரவில் கண்விழிக்கின்றாள், நோயாளிகள் அவளை “சிஸ்டர்” என்றுதான் அழைக்கின்றனர். ஆயினும் செவிலியருக்குரிய பதிவும் இல்லை, ஊதியமும் இல்லை.

சான்றொப்பமிடும் முன் நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. “இந்தப் படிப்பை முடித்தால் எந்தப் பதிவேட்டில் உன் பெயர் ஏறும், அம்மா?” அதனை நான் கேட்கத் தவறினேன்.

அந்தக் கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே கேட்டு, விடை கிடைக்கும்வரை போராடிய மக்கள் உலகில் உண்டு. அவர்கள் அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்கள். குறைந்த காலத்தில், குறைந்த செலவில், வீட்டுக்கு அருகிலேயே செவிலியர் கல்வி பெறலாம் என்பதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டிய நாடும் அதுவே. அங்கு ‘சமுதாயக் கல்லூரி’ எனப்படும் கல்லூரிகளில் அக்கல்வி எவ்வாறு பிறந்தது, எதனால் மதிப்புப் பெற்றது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது பயனுடையது எனக் கருதுகிறேன்.

மருத்துவமனைப் பள்ளிகள்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் முறையைப் பின்பற்றி அமெரிக்காவில் செவிலியர் பள்ளிகள் தொடங்கப்பட்ட ஆண்டு 1873. நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் அவை முதலில் தோன்றின. அதன்பின் நாடெங்கும் மருத்துவமனைகள் தத்தம் பள்ளிகளைத் தொடங்கின. நாளடைவில் மூன்றாண்டுப் பயிற்சி என்பது வழக்கமாயிற்று.

பள்ளி என்ற பெயர் இருந்ததேயன்றி, நடைமுறையில் மாணவியரே மருத்துவமனையின் வேலையாட்களாக இருந்தனர். பகலிலும் இரவிலும் நோயாளர் கூடங்களில் உழைத்து, எஞ்சிய நேரத்தில் சோர்ந்த கண்களோடு பாடம் கேட்டனர். உணவும் உறைவிடமும் கிடைத்தன. சிறு தொகையும் கிடைத்தது. மருத்துவமனைக்கோ கூலி மிச்சமாயிற்று. 1923 ஆம் ஆண்டில் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை இந்தக் குறையை வெளிப்படையாகச் சுட்டிக் காட்டியது. ஆயினும் நிலைமை எளிதில் மாறவில்லை. மாணவியர் விடுதியிலேயே தங்க வேண்டும். திருமணம் ஆனவர்களுக்கு இடமில்லை. வயது கூடியவர்களுக்கு இடமில்லை. ஆடவருக்குப் பெரும்பாலான பள்ளிகளில் இடமில்லை. குடும்பப் பொறுப்புள்ள ஏழைப் பெண்ணுக்கு இந்த விதிகளே போதுமான தடையாக இருந்தன. கறுப்பினப் பெண்ணுக்கோ அதற்கும் முன்பாகவே கதவு அடைக்கப்பட்டிருந்தது.

அடைத்த கதவுகள்

அமெரிக்காவில் முறையாகப் பயின்று தேறிய முதல் கறுப்பினச் செவிலியர் மேரி எலைசா மஹோனி. பாஸ்டன் நகரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனையில் 1879 ஆம் ஆண்டில் அவர் பயிற்சி முடித்தார். அதே மருத்துவமனையில் அதற்கு முன்னர் பல்லாண்டுகள் சமையல், துணி வெளுத்தல், துப்புரவு ஆகிய வேலைகளைச் செய்து வந்தவர் அவர். எந்தக் கூடத்தின் தரையைத் துடைத்தாரோ, அந்தக் கூடத்திலேயே சீருடை அணிந்து நின்றார். அவருடன் சேர்ந்தவர்களுள் பயிற்சியை முழுதும் முடித்தவர் மிகச் சிலரே.

ஆனால் மஹோனிக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. 1889 ஆம் ஆண்டில் எம்மா ரெய்னால்ட்ஸ் என்ற இளம்பெண் சிகாகோ நகரிலுள்ள செவிலியர் பள்ளிகளை அணுகினார். நிறத்தைக் காரணம் காட்டி அவை யாவும் மறுத்துவிட்டன. அவருடைய தமையனார் ஒரு பாதிரியார். அவர், டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அறுவை மருத்துவரிடம் சென்று முறையிட்டார். “எந்தப் பள்ளியில் இவளைச் சேர்க்கலாம்?” என்று தேடுவதை விட்டு, “நாமே ஒரு மருத்துவமனையும் பள்ளியும் தொடங்கினால் என்ன?” என்று அவர்கள் எண்ணத் தலைப்பட்டனர். ஊர் மக்களிடம் நிதி திரட்டினர். 1891 ஆம் ஆண்டில் பிராவிடென்ட் மருத்துவமனை திறக்கப்பட்டது. எம்மா ரெய்னால்ட்ஸ் அதன் முதல் மாணவியருள் ஒருவரானார். ஒரு பெண்ணுக்கு இடமில்லை என்ற சொல், ஒரு மருத்துவமனையையே எழுப்பிற்று. கல்விச் சங்கம் நடத்துகின்ற நமக்கு இந்த நிகழ்ச்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒரே தேர்வு வேண்டும் என்ற போராட்டம்

1903 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மாநிலங்கள் செவிலியர் பதிவுச் சட்டங்களை இயற்றத் தொடங்கின. அரசின் தேர்வில் தேறியவரே ‘பதிவுபெற்ற செவிலியர்’ என்பது அச்சட்டங்களின் சாரம். அதுவரை கறுப்பினப் பெண்ணின் முன் ஒரு கதவுதான் இருந்தது. அது பள்ளியின் கதவு. இப்போது இரண்டாவது கதவும் எழுந்தது. அது தேர்வு மண்டபத்தின் கதவு.

ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பினச் செவிலியர் அந்தத் தேர்வை எழுத இயலாத நிலை இருந்தது. அட்லாண்டா நகரில் ஸ்பெல்மன் நிறுவனத்தில் பயின்ற லூடி ஆண்ட்ரூஸ் என்ற செவிலியர் 1909 ஆம் ஆண்டில் மாநிலத் தேர்வு வாரியத்தை எதிர்த்துச் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். அவருக்கு மட்டும் உரிமம் தந்துவிடுவதாகக் கூறியபோது, தம்மைப் போன்ற எல்லாச் செவிலியருக்கும் அந்த உரிமை கிடைக்கும்வரை தமக்கு வேண்டா என்று மறுத்துவிட்டார் என்பர். 1920 ஆம் ஆண்டில்தான் வெற்றி கிட்டியது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு பெண்மணி போராடியது சலுகைக்காக அன்று. எளிய தேர்வு ஒன்று வேண்டும் என்பதற்காகவும் அன்று. மற்றவர் எழுதும் அதே தேர்வைத் தம் மக்களும் எழுத வேண்டும் என்பதற்காகவே. இக்கட்டுரையில் எதனை மறந்தாலும், இளைஞர்கள் இதனை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இதற்கிடையே 1908 ஆம் ஆண்டில் மார்த்தா பிராங்க்ளின் என்பார் முன்னின்று அழைக்க, கறுப்பினப் பட்டயச் செவிலியரின் தேசியச் சங்கம் நியூயார்க்கில் தோன்றிற்று. அமெரிக்கச் செவிலியர் சங்கத்தில் மாநிலச் சங்கத்தின் வழியாகவே உறுப்பினராக முடியும். தென் மாநிலச் சங்கங்கள் பலவும் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்தன. ஆதலால் தனிச் சங்கம் காணுதல் இன்றியமையாததாயிற்று.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்துக்குச் செவிலியர் பெருமளவில் தேவைப்பட்டனர். ஆயினும் 1941 ஆம் ஆண்டில் இராணுவம் கறுப்பினச் செவிலியருக்கு விதித்த வரம்பு 56 பேர். அவ்வாறு சேர்க்கப்பட்டவர்களும் கறுப்பின வீரர்களுக்கு மட்டுமே பணிவிடை செய்யலாம் என்ற நிலை இருந்தது. பின்னர் அவர்களுள் பலர், சிறைப்பட்டு வந்த ஜெர்மானியப் போர்க் கைதிகளுக்கு மருத்துவப் பணி செய்ய அனுப்பப்பட்டனர். சொந்த நாட்டு வெள்ளை வீரனைத் தொடக் கூடாத கை, பகைநாட்டு வீரனைத் தொடலாம் என்றாயிற்று! தீண்டாமையின் கொடுமையை மட்டுமன்றி, அதன் அறிவின்மையையும் பட்டறிந்த நமக்கு இது வியப்பளிக்காது.

சங்கத்தின் செயலாளராக விளங்கிய மேபல் ஸ்டாப்பர்ஸ் அம்மையார் ஓயாது போராடினார். 1944 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரை நேரில் கண்டு நிலைமையை எடுத்துரைத்தார். 1945 ஜனவரியில், செவிலியர் பற்றாக்குறையால் கட்டாயமாக ஆள் சேர்க்க நேரிடலாம் என்ற பேச்சு எழுந்தது. பயின்ற செவிலியர் ஆயிரக்கணக்கில் காத்திருக்க, அவர்களை விலக்கிவிட்டுப் பற்றாக்குறை என்று கூறுவது எவ்வாறு பொருந்தும் என்று ஸ்டாப்பர்ஸ் கேட்டார். மக்களும் கேட்டனர். அம்மாதமே இராணுவத்தில் வரம்பு நீக்கப்பட்டது.

போர்க்காலத்தில் மற்றொரு நன்மையும் விளைந்தது. 1943 ஆம் ஆண்டில் நிறைவேறிய போல்டன் சட்டத்தின்படி அரசே செலவை ஏற்றுப் பயிற்சி மாணவியர் படை ஒன்றை அமைத்தது. இன வேறுபாடு கூடாது என்று அச்சட்டம் விதித்தது. ஏறத்தாழ 1,24,000 பேர் அத்திட்டத்தில் பயிற்சி முடித்தனர். அவர்களுள் கறுப்பினப் பெண்களும் சில ஆயிரவர். கட்டணத் தடையை அரசு நீக்கினால் எத்துணைப் பேர் முன்வருவர் என்பதற்கு அது சான்றாயிற்று. 1951 ஆம் ஆண்டில் கறுப்பினச் செவிலியர் சங்கம், தன் நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியதெனக் கருதித் தன்னைக் கலைத்துக்கொண்டு பொதுச் சங்கத்தோடு இணைந்தது.

சமுதாயக் கல்லூரியின் தோற்றம்

இனி, சமுதாயக் கல்லூரி என்பது யாதெனக் காண்போம். 1901 ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில் உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்து இரண்டாண்டுக் கல்லூரி வகுப்புகள் தொடங்கப்பட்டன. தொடக்கத்தில் மாணவர் ஆறு பேர். இத்தகைய கல்லூரிகளை அக்காலத்தில் இளநிலைக் கல்லூரிகள் என்றனர். தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வசதியற்ற பிள்ளைகள், வீட்டில் இருந்தபடியே முதல் இரண்டாண்டுகளைப் படித்துவிடலாம் என்பதே இதன் கருத்து.

1944 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்விச் செலவை அளித்தது. கல்லூரிகளில் கூட்டம் பெருகியது. 1947 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு தன் அறிக்கையை அளித்தது. இனம், சமயம், வருவாய் ஆகியவை கல்விக்குத் தடையாகக் கூடாது என்று அக்குழு கூறியது. ஒவ்வொரு வட்டாரத்திலும் குறைந்த செலவில் இரண்டாண்டுக் கல்லூரிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவியது அந்த அறிக்கையால்தான்.

மான்டாக் அம்மையாரின் திட்டம்

1948 ஆம் ஆண்டில் எஸ்தர் லூசில் பிரவுன் என்ற அறிஞர் செவிலியர் கல்வியை ஆராய்ந்து, அது மருத்துவமனைகளின் பிடியிலிருந்து விடுபட்டுக் கல்லூரிகளுக்குச் செல்ல வேண்டும் என்று வலியுறுத்தினார். அக்கருத்துக்குச் செயல்வடிவம் தந்தவர் மில்ட்ரெட் மான்டாக். 1908 ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்தில் பிறந்த இவர், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் ஆய்வு செய்தவர். சமுதாயக் கல்லூரியில் இரண்டே ஆண்டுகளில் செவிலியரைப் பயிற்றலாம் என்பது அவரது ஆய்வின் முடிவு. 1951 ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது.

“மூன்றாண்டுப் பயிற்சியை இரண்டாண்டாக்கினால் தரம் குறையாதா?” என்று அன்று பலர் கேட்டனர். மான்டாக் அளித்த விளக்கம் எளியது. மூன்றாண்டில் பெரும்பகுதி படிப்பன்று. மருத்துவமனைக்காகச் செய்யும் ஊழியம். அதனை நீக்கிவிட்டு, கற்பதற்காகவே மருத்துவமனைக்குச் செல்லும் முறையை அமைத்தால் இரண்டாண்டு போதும் என்றார். மாணவர் யாரிடம் கற்பது? கல்லூரியின் ஆசிரியரிடம். மருத்துவமனை எதற்கு? பயிற்சிக் களமாக இருப்பதற்கு.

1952 ஜனவரியில் ஆய்வுத் திட்டம் தொடங்கி ஐந்தாண்டுகள் நடைபெற்றது. ஏழு கல்லூரிகளும் ஒரு மருத்துவமனைப் பள்ளியும் அதில் பங்குகொண்டன. மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு சமுதாயக் கல்லூரி, கலிஃபோர்னியாவில் பசடேனா நகரக் கல்லூரி, யூட்டாவில் வெபர் கல்லூரி, நியூயார்க்கில் ஆரஞ்சு வட்டச் சமுதாயக் கல்லூரி ஆகியவை அவற்றுட் சில. அப்பட்டியலில் நாம் கவனிக்கத்தக்க பெயர் ஒன்றுண்டு. வர்ஜீனியா மாநிலக் கல்லூரியின் நார்ஃபோக் கிளை என்பதே அது. கறுப்பின மாணவர்களுக்கென 1935 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, பிற்காலத்தில் நார்ஃபோக் மாநிலப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அந்நிறுவனம். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 ஆம் ஆண்டில்தான். அந்தப் பிரிவினை நிலவிய தென் மாநிலத்தில், புதிய திட்டத்தின் முதல் வரிசையிலேயே கறுப்பினக் கல்லூரி ஒன்றும் இடம்பெற்றது. புதியது தோன்றும்போதே உள்ளே நுழைந்துவிட வேண்டும். பிறர் உண்டு முடித்த பின் பந்தியில் அமர்வதால் பயனில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் நமக்குப் புதிய பெயரன்று. 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் பயின்ற இடம் அது. 1952 ஜூன் 5 ஆம் நாள் அப்பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்துறையில் மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. மான்டாக் அம்மையாரின் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், கறுப்பினச் செவிலியருள் முதன்முதலாக முதுகலைப் பட்டம் பெற்ற எஸ்டெல் மாஸி ஆஸ்பார்ன் 1931 ஆம் ஆண்டில் அப்பட்டத்தைப் பெற்றதும் அதே ஆசிரியர் கல்லூரியில்தான் என்பதை எண்ணும்போது, அந்த வளாகத்தின் மீது நமக்கு ஓர் உரிமை உணர்ச்சி தோன்றுவது இயல்பே.

திட்டத்துக்கு உயிர் தந்தது எது?

இரண்டாண்டுப் படிப்பை முடித்தவர்களுக்கு எளிய தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை. மருத்துவமனைப் பள்ளியில் மூன்றாண்டு பயின்றவரும், பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பயின்றவரும் எழுதிய அதே மாநில உரிமத் தேர்வையே அவர்களும் எழுதினர். சில மாநிலங்களில் அதற்காகச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. முடிவு என்ன? பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் தேறினர். ஐயப்பட்டவர்கள் வாயடைத்துப் போயினர். அதன்பின் சமுதாயக் கல்லூரிகளில் செவிலியர் படிப்பு விரைந்து பரவிற்று.

மான்டாக் அம்மையார் தம் மாணவர்களுக்கு முதலில் எண்ணியிருந்த பெயர் ‘செவிலியத் தொழில்நுட்பர்’ என்பது. பட்டம் பெற்ற செவிலியருக்கும் உதவியாளருக்கும் இடைப்பட்ட நிலை அது. ஆனால் தேர்வு ஒன்றாக இருந்தமையால் உரிமமும் ஒன்றாயிற்று. பெயரும் ‘பதிவுபெற்ற செவிலியர்’ என்றே ஆயிற்று. திட்டமிட்டவர் நினைத்ததைவிட உயரமான இடத்துக்கு அந்தத் தேர்வு அவர்களைக் கொண்டு சென்றது. லூடி ஆண்ட்ரூஸ் பத்தாண்டுகள் போராடியதன் பொருள் இப்போது நன்கு விளங்கும். குறுகிய வழி வேறு. குறைந்த வழி வேறு. இரண்டாண்டில் முடிவது குறுகிய வழி. முடித்த பின் வேறோர் ஏட்டில், கீழோர் இடத்தில் பெயரெழுதுவது குறைந்த வழி.

இப்புதிய முறையால் பயனடைந்தோர் யார்? விடுதிக் கட்டாயம் இல்லாமையால் திருமணமான பெண்கள் வந்தனர், குழந்தைகளைப் பெற்ற தாய்மார் வந்தனர், முப்பது நாற்பது வயதினர் வந்தனர், ஆடவரும் வந்தனர். மருத்துவமனைப் பள்ளிகளின் விதிகளால் விலக்கப்பட்டவர் பலருக்கும் இங்கே இடம் கிடைத்தது.

பின்னர் எழுந்த வழக்கு

இத்துடன் எல்லாம் நலமே முடிந்தது என்று கூறினால் அது வரலாறாகாது. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்கச் செவிலியர் சங்கம், தொழில்முறைச் செவிலியருக்குக் குறைந்த அளவு தகுதி நான்காண்டுப் பட்டமே என்று அறிவித்தது. இரண்டாண்டினரைத் ‘தொழில்நுட்பச் செவிலியர்’ எனப் பிரிக்க வேண்டும் என்றது. பல்லாண்டுகள் விவாதம் நடந்தது. வட டகோட்டா மாநிலம் மட்டும் 1987 ஆம் ஆண்டில் பட்டத்தைக் கட்டாயமாக்கி, 2003 ஆம் ஆண்டில் அவ்விதியைக் கைவிட்டது. 2010 ஆம் ஆண்டில் மருத்துவக் கழகத்தின் அறிக்கை ஒன்று, 2020 ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு எண்பது செவிலியர் பட்டதாரிகளாக வேண்டும் என்று இலக்கு வகுத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2017 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் இடைவழி ஒன்றைக் கண்டது. இரண்டாண்டு படித்தவர் உரிமம் பெற்றுப் பணியில் சேரலாம். ஆனால் பத்தாண்டுகளுக்குள் பட்டத்தையும் பெற்றுவிட வேண்டும் என்று சட்டம் செய்தது.

பட்டம் வேண்டும் என்போர் கூற்றிலும் உண்மை உண்டு. நோயாளியின் உயிரோடு தொடர்புடைய தொழிலில் அறிவு மிகுதல் நன்றேயாகும். ஆனால் அந்த அறிவைப் பெறுவதற்கு முன், ஏழை மாணவிக்கு முதற்படியில் கால் வைக்க இடம் வேண்டும். படிக்கட்டின் உயரத்தைக் கூட்டுவோர், முதற்படியை இடித்துவிடலாகாது. இன்று அந்நாட்டில் இரண்டாண்டுப் படிப்பை முடித்துப் பணியில் சேர்ந்தோர், ஊதியம் பெற்றுக்கொண்டே பட்டப் படிப்பைத் தொடர்வதற்கு வழிகள் உள்ளன.

படிப்பின் தன்மை

சமுதாயக் கல்லூரி என்றால் எளிய படிப்பு என்று எண்ணிவிடலாகாது. சேர்வதற்கு முன்பே உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல் போன்ற பாடங்களில் தேற வேண்டும். ஆதலால் இரண்டாண்டு என்பது பலருக்கு மூன்றாண்டாகவும் நீள்வதுண்டு. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுதியாதலின், பல கல்லூரிகளில் காத்திருக்கவும் நேர்கின்றது. சேர்ந்த பின் அடிப்படைச் செவிலியம், மருத்துவ அறுவைச் செவிலியம், தாய்சேய் நலம், மனநலம் ஆகியவற்றை வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் மாறி மாறிக் கற்க வேண்டும். மருந்தின் அளவைக் கணக்கிடுவதில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் உயிர் போய்விடும். ஆகவே கணக்கில் கண்டிப்பு மிகுதி. இடையில் நின்றுவிடுவோரும் பலர். இறுதியில், 1994 ஆம் ஆண்டு முதல் கணிப்பொறி வழியாக நடைபெற்று வரும் நாடு தழுவிய உரிமத் தேர்வு. இரண்டாண்டினருக்கும் நான்காண்டினருக்கும் இன்றளவும் தேர்வு ஒன்றே.

நமக்குரிய பாடம்

வேலை செய்துகொண்டே படிக்கும் ஏழைக்கும் உயர்கல்வி வேண்டும் என்ற கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று. அண்ணல் அம்பேத்கர் 1945 ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946 ஆம் ஆண்டில் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியபோது, பணிக்குச் செல்வோர் பயிலும் வண்ணம் காலை வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்தார். நேரத்தைத்தான் அவர் மாணவருக்கு ஏற்ப மாற்றினார். தேர்வையும் பட்டத்தையும் மாற்றவில்லை. அவர்கள் எழுதியது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் தேர்வே.

நம் நாட்டிலும் 1990-களிலிருந்து சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நிறுவனங்கள் தோன்றியுள்ளன. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995 ஆம் ஆண்டில் ஒன்றைத் தொடங்கியது. இவற்றுள் பல, நோயாளரைப் பேணும் உதவியாளர் பயிற்சியை அளிக்கின்றன. அது நேர்மையான பயிற்சி, நேர்மையான வேலை. ஆனால் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. அங்கே அது செவிலியர் பதிவுக்கு இட்டுச் செல்கிறது. இங்கே அவ்வுதவியாளர் சான்றிதழ் செவிலியர் பதிவுக்கு உரியதன்று. தமிழ்நாட்டில் 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த செவிலியர், தாதியர் பதிவுக் குழுமம் உண்டு. நாடு முழுமைக்குமாக 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்திய நர்சிங் கவுன்சில் அமைந்தது; 2023 ஆம் ஆண்டில் தேசிய ஆணையம் அமைப்பதற்கான புதிய சட்டமும் நிறைவேறியுள்ளது. செவிலியர் ஆக விரும்புவோர், ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ பயில வேண்டும். பட்டயம் பெற்றவர், பின்னர் இரண்டாண்டு பயின்று பட்டமும் பெறலாம். நமக்கும் படிக்கட்டு உண்டு. அதன் முதற்படி எது என்பதை அறிந்து கால் வைக்க வேண்டும்.

ஆகவே, இளைஞர்களே, பெற்றோர்களே! எந்தப் பயிற்சியிலும் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பை ஏற்பளித்த அமைப்பு எது? இதனை முடித்தவர் எந்தப் பதிவேட்டில் பெயர் எழுதலாம்? இதற்கு மேல் படிக்க வழி உண்டா? இம்மூன்றுக்கும் வாய்ச்சொல்லாக அன்றி எழுத்தில் விடை வேண்டும். விடை தரத் தயங்கும் இடத்தில், பலகை எத்துணைப் பெரிதாயினும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் நோட்டுப் புத்தகம் அளித்தோம், மாலை வகுப்பு நடத்தினோம், பரிசு வழங்கினோம். இனி, பள்ளிப் படிப்பை முடிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் விண்ணப்பத்தையும் சங்கத்தில் ஒருவர் படித்துப் பார்த்து, இம்மூன்று கேள்விகளைக் கேட்டபின்னரே அனுப்புவது என்று ஒரு விதி செய்வோம். இதற்கு ஒரு காசும் செலவில்லை. சிறிது நேரமும் அக்கறையுமே வேண்டும். அந்தப் பணியை முதலில் ஏற்றுக்கொள்ள நான் முன்வருகிறேன்.

என் மாணவியைச் சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் கண்டேன். இரவுப் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். “ஐயா, பட்டயப் படிப்புக்கு இந்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாமா?” என்று கேட்டாள். என்மீது அவளுக்குக் கோபம் இல்லை என்பதே எனக்குப் பெரும் தண்டனையாக இருந்தது. “விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வா, அம்மா. இம்முறை இருவரும் சேர்ந்து முழுவதையும் படிப்போம்” என்றேன்.

அவள் வருவாள். இம்முறை படித்துப் பார்த்த பின்னரே பச்சை மையைத் தொடுவேன்.